வாசல் வரைக்கும் ஒரு குழாய்

வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டால் எல்லோரும் கேட்கிற கேள்விகள் சில உண்டு. மெஷின் எத்தனை லிட்டர்? வாடகைக்கு எடுப்பதா, விலைக்கு வாங்குவதா? கரண்ட் பில் எவ்வளவு கூடும்? கரண்ட் போனால் என்ன செய்வது? குழாய் எத்தனை மீட்டர் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மெஷினோடு ஒரு குழாய் வரும், அதை மூக்கில் மாட்டினால் வேலை முடிந்தது என்றுதான் நினைக்கிறோம். மூன்று வருடங்களுக்கு மேலாக என் மாமியாருக்காக இந்தக் குழாய்களை வாங்கியும் துடைத்தும் மாற்றியும் வருகிறேன். முதலில் கேட்க வேண்டியதே அந்த நீளத்தைத்தான் என்பது என் அனுபவம். நோயாளி பெண்ணாக இருந்தால், அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அத்தைக்கு இப்போது 76 வயது. 1971-இல் கல்யாணமாகி, செய்யாறு பக்கத்திலிருந்து மேற்கு மாம்பலத்துக்கு வந்தவர். மாமா அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். அந்தச் சம்பளம் போதாமல் அத்தை முறுக்கு சுற்றி விற்கத் தொடங்கினார். முதலில் ஆரிய கவுடா சாலையில் இரண்டு கடைகளுக்கு. பிறகு கல்யாணச் சீர்வரிசைக்கு முறுக்கும் அதிரசமும் என்று ஆர்டர் வர ஆரம்பித்தது. வீட்டின் பின்கட்டில் தகரம் போட்ட ஓர் அறை. அதில் இரண்டு மரத்தூள் அடுப்புகள்.

மரத்தூள் அடுப்பை இன்றைய மாணவிகள் பார்த்திருக்க மாட்டார்கள். தகர டப்பா மாதிரியான அடுப்பின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இறுக்கி அடைத்து, பாட்டிலை மெல்ல உருவி எடுக்க வேண்டும். கீழே இருக்கும் துளை வழியாக நெருப்பு வைத்தால் மணிக்கணக்கில் கனன்று எரியும். மரவாடியில் மூட்டைக் கணக்கில் மலிவாகத் தூள் கிடைத்தது. எண்ணெய்ச் சட்டிக்குச் சீரான சூடு. கூடவே, கண்ணைத் திறக்க முடியாத புகை. வீட்டுக்குக் கேஸ் வந்த பிறகும் முறுக்கு அடுப்பு மாறவில்லை. சிலிண்டரில் சுட்டால் லாபம் நிற்காது என்பது அத்தையின் கணக்கு. இருபத்தைந்து வருடங்கள் அந்தப் புகையில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

மூச்சு வாங்கத் தொடங்கியபோது முதலில் பார்த்த மருத்துவர், "வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பாரா?" என்று கேட்டார். மாமா வெற்றிலை மட்டும்தான். சரி, ஆஸ்துமா என்று எழுதினார். நான்கு வருடம் கழித்து இன்னொரு மருத்துவர், ஒரு பெண், ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்துவிட்டு, "எந்த அடுப்புல சமைச்சீங்கம்மா?" என்று கேட்டார். அத்தை பின்கட்டைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே போனார். சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார்.

இந்தக் கேள்வியை நம் நாட்டில் முதலில் கேட்டவர்களில் ஒருவரும் பெண்தான். பர்மாவில் பிறந்த தமிழ்ப் பெண்ணான டாக்டர் எஸ். பத்மாவதி, இந்தியாவின் முதல் பெண் இதயநோய் நிபுணர். 1950-களில் டெல்லியில் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்தபோது, நுரையீரல் கெட்டு அதனால் இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துபோய் வரும் நோயாளிகளை ஆராய்ந்தார். 127 பேரைப் பற்றிய கட்டுரை 1959-இல் வெளியானது. மேலை நாடுகளில் புகைபிடிக்கும் ஆண்களின் நோயாக அறியப்பட்டிருந்தது, இங்கே புகைபிடிக்காத பெண்களிடமும், அதுவும் ஆண்களைவிட இளம் வயதில் இருப்பதை அவர் கவனித்தார். வறட்டியும் விறகும் எரியும் அடுப்பின் பக்கம் கையைக் காட்டினார். 2020 ஆகஸ்டில் 103 வயதில் கொரோனாவில் இறந்தார். அவர் எழுதி அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்தும், மூச்சுவாங்கும் பெண்ணிடம் அவள் புருஷனின் சிகரெட்டைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள்.

ஆக்சிஜன் சிகிச்சை பற்றியும் இதே கதைதான். ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோன சிஓபிடி நோயாளிகளுக்கு ஒரு நாளில் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்பதை நிறுவியவை இரண்டு ஆய்வுகள். அமெரிக்காவில் நடந்தது 1980-இலும் பிரிட்டனில் நடந்தது 1981-இலும் வெளியாயின. பிரிட்டன் ஆய்வில் சேர்க்கப்பட்ட 87 பேரில் பெண்கள் 21 பேர் மட்டுமே. இன்றைக்கும் உலகம் முழுவதும் 15 மணி நேரம் என்று எழுதிக் கொடுப்பதற்கு அடிப்படை அந்த ஆய்வுகள்தான். அந்த 15 மணி நேரத்தில் ஒருத்தி எழுந்து நடப்பாளா, எங்கே நடப்பாள் என்பது மருந்துச் சீட்டில் இருக்காது. அது வீட்டில் முடிவாகிறது.

எங்கள் வீட்டில் அது முடிவான விதத்தைச் சொல்கிறேன். 2022-இல் மெஷினை வாடகைக்கு எடுத்தோம். செய்தித்தாள்கள் ஆக்சிஜன் செறிவூட்டி என்று எழுதுமே, அதுதான். கொரோனா இரண்டாம் அலையில் எங்கே கிடைக்கும் என்று ஊரே அலைந்த அந்த மெஷின், அடுத்த வருடம் கூப்பிட்ட மறுநாளே வந்துவிட்டது. கொண்டுவந்த பையன் வாசலில் நின்று, "சார் இருக்காரா மேடம்? எப்படி யூஸ் பண்றதுன்னு சொல்லணும்" என்றான். சார் லீவு போட்டுவிட்டு இருந்தார். எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்து, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் காலை சார் ஆபீசுக்குப் போய்விட்டார். பொத்தானை அமுக்குவதிலிருந்து பாட்டிலில் தண்ணீர் ஊற்றுவதுவரை அன்றிலிருந்து என் வேலை.

மெஷினைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். மூக்கில் மாட்டுகிற கேனுலாவின் குழாய் சுமார் 2 மீட்டர். கட்டிலில் படுக்கலாம், உட்காரலாம், ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி போடலாம். அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து என் கொழுந்தன் போனில், "அண்ணி, பாத்ரூமுக்கெல்லாம் எதுக்கு நடக்கணும்? பக்கத்துலயே கமோட் சேர் வாங்கிப் போட்டுடுங்க. அம்மா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். அம்மா மேல் பாசமுள்ள பிள்ளைதான். ஆனால் அந்தப் பாசம் 2 மீட்டருக்குள் அம்மாவை உட்கார வைத்துவிட்டது.

மருத்துவரீதியாகவும் அது சரியல்ல. அத்தைக்கு உட்கார்ந்திருக்கும்போது விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 90 காட்டும். ஆக்சிஜன் இல்லாமல் பாத்ரூம் வரை நடந்து வந்தால் 82. அதாவது படுத்திருப்பதைவிட நடக்கும்போதுதான் ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுகிறது. நடக்காமலே இருந்தாலோ கால் தசை இளைத்து, நான்கு எட்டு வைப்பதற்கே இன்னும் அதிகம் மூச்சு வாங்கும். உட்கார்ந்திருக்கும்போது 1 லிட்டர், நடக்கும்போது 2 லிட்டர், ஆக்ஸிமீட்டர் 88-க்கும் 92-க்கும் இடையில் இருந்தால் போதும், அதற்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். சிஓபிடி நோயாளிக்குப் பாவமே என்று லிட்டரைக் கூட்டி வைத்தால் உடம்பில் கரியமில வாயு சேர்ந்து மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம். கூட்ட வேண்டியது லிட்டரை அல்ல. குழாயின் நீளத்தைத்தான்.

மூன்றாம் நாள் அத்தையே வாயைத் திறந்தார். "ஏம்மா, இந்தக் குழாய் பெருசா கிடைக்காதா? வாசல் வரைக்கும் போகணும் எனக்கு. கீரைக்காரம்மாகிட்ட நானே பேசணும்."

எங்கள் தெருவில் காலை ஏழு மணிக்குக் கீரைக்காரம்மா வருவார். முப்பது வருடப் பழக்கம். பேரம் ஐந்து நிமிடம், ஊர்க்கதை பத்து நிமிடம். கட்டிலில் இருந்தபடி அவர் குரலைக் கேட்பதும் கேட்டருகில் நின்று பேசுவதும் ஒன்றல்ல.

அளவு எடுக்க டேப் தேடினேன். அத்தை, "புடவையை விரிச்சுப் பாரு" என்றார். ஒரு புடவை ஐந்தரை மீட்டர். அத்தை மெதுவாக நடக்க நடக்க நான் பின்னால் விரித்துக்கொண்டே போனேன். கட்டிலிலிருந்து முன்வாசல் கேட் வரைக்கும் மூலைகளில் வளைந்து போனால் இரண்டரைப் புடவை. பின்பக்கம் பாத்ரூம் போக ஒன்றரை. மெஷின் கட்டிலருகே இருந்தால் கேட்டுக்குப் போகும்போது குழாய் விறைத்து நிற்கும், பாத்ரூம் போகும்போது தரையெல்லாம் சுருண்டு கிடக்கும். கூடத்தின் நடுவில் சுவரோரமாக வைத்தால் இரண்டு பக்கமும் எட்டும். நீட்டிப்புக் குழாய்கள் பொதுவாக 7 மீட்டர், 15 மீட்டர் அளவுகளில் கிடைக்கின்றன. நீளம் கூடக் கூட முனையில் வரும் காற்றின் வேகம் குறையக்கூடும் என்பதால், அதிகபட்சம் எவ்வளவு போடலாம் என்று ஒவ்வொரு மெஷினின் கையேட்டிலும் இருக்கும். எங்கள் மெஷினுக்கு 15 மீட்டர் வரை.

கூடத்துக்கு மெஷினை மாற்றியதில்தான் சண்டை வந்தது. அது ஓயாமல் உறுமும். "டிவி சத்தமே கேக்கலம்மா" என்றார் என் கணவர். ராத்திரி முழுவதும் தலைமாட்டில் அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டு அத்தை படுத்திருந்தபோது அது யாருக்கும் சத்தமாகப் படவில்லை. "அப்போ டிவியைச் சத்தமா வைடா" என்றார் அத்தை. மெஷின் கூடத்திலேயே நின்றது. ஒரு வீட்டில் எந்தச் சத்தம் எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதும் எழுதப்படாத ஒரு சட்டம்தான்.

குழாய் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். நீட்டிப்புக் குழாயின் முனையைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். உள்துளை வெறும் வட்டமாக இருந்தால், ஏதாவது மேலே ஏறினால் நசுங்கி அடைத்துக்கொள்ளும். நட்சத்திர வடிவில் வரி வரியாக இருந்தால் மிதித்தாலும் ஓரங்களில் காற்று போகும். அதைக் கேட்டு வாங்குங்கள். அதற்காகக் கட்டில் காலையோ கதவையோ அது தாங்கும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் ஒருநாள் பையன் கட்டிலை நகர்த்தியபோது அதன் கால் குழாய் மேல் உட்கார்ந்துவிட்டது. அத்தைக்கு மூச்சு ஏறி, ஆக்ஸிமீட்டர் 83-க்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கேனுலாவும் நீட்டிப்புக் குழாயும் சேரும் இடத்தில் சுழலும் இணைப்பு ஒன்று போட்டால், திரும்பித் திரும்பி நடக்கும்போது குழாய் முறுக்கிக்கொள்ளாது. நிறமும் முக்கியம். எங்கள் சிவப்புச் சிமெண்ட் தரையில் கண்ணாடி போன்ற குழாய் கண்ணுக்கே தெரியாது. பச்சை நிறக் குழாய் கிடைத்தால் நல்லது. எங்களுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு அடிக்கு ஒன்றாக மஞ்சள் டேப் சுற்றிவிட்டேன். வயதானவர்கள் தடுக்கி விழுவதற்கு இந்தக் குழாயே காரணமாகிவிடக் கூடாது. நடக்கும்போது குழாயைக் கையில் இரண்டு வளையமாகப் பிடித்துக்கொண்டு போக அத்தை தானாகவே பழகிக்கொண்டார், கிணற்றுக் கயிற்றைப் பிடிப்பதுபோல.

காற்று வருகிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் மூக்கு முனைகளை விட்டுப் பாருங்கள், குமிழி வரும். பிறகு துடைத்துவிட்டு மாட்டலாம். ஈரப்பதத்துக்காகத் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தால், குழாயை மடித்துப் பிடியுங்கள். பாட்டிலில் விசில் சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் மூடியோ இணைப்போ எங்கோ ஒழுகுகிறது. இந்த இரண்டு சோதனைக்கும் எந்தக் கருவியும் வேண்டாம்.

அந்தப் பாட்டிலே எல்லோருக்கும் தேவையில்லை. 4 லிட்டருக்குக் குறைவாக வைப்பவர்களுக்குப் பெரும்பாலும் அவசியமில்லை என்கிறார்கள். சென்னைக் காற்றில் ஏற்கெனவே இருக்கிற ஈரம் போதும். மூக்கு வறண்டு ரத்தம் கசிந்தால் மருத்துவரைக் கேட்டு வைக்கலாம். வைத்தால் காய்ச்சி வடிகட்டிய சுத்த நீர்தான், இல்லையென்றால் கொதித்து ஆறிய நீர். மெட்ரோ தண்ணீரும் கேன் தண்ணீரும் வேண்டாம். மிச்சத் தண்ணீர் மேலேயே ஊற்றாமல் தினமும் கொட்டிக் கழுவி மாற்ற வேண்டும். ஏசி அறையில் குழாய்க்குள் நீர் கோத்து கடகடவென்று சத்தம் வந்தால், குழாயைக் கழற்றி மூக்கில் மாட்டாமல் வெறும் காற்றை ஓட விட்டு உலர்த்துங்கள்.

மூக்குக்கு வருவோம். கேனுலாவின் இரண்டு முனைகளும் வளைந்திருக்கும். வளைவு கீழ்நோக்கி, மூக்கின் தரையைப் பார்த்து இருக்க வேண்டும். முனை துளையை அடைத்துக்கொள்ளக் கூடாது, சுற்றிலும் காற்று போக இடம் வேண்டும். கடைகளில் பெரியவர்களுக்கு என்று ஒரே அளவைத்தான் கொடுப்பார்கள். சின்ன மூக்குள்ள பெண்களுக்கு அது பெரிது. குழந்தைகளுக்கான அளவு சரியாக இருக்குமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அத்தைக்கு வேறொரு சிக்கல், மூக்குத்தி. உள்பக்கத் திருகு கேனுலாவின் முனையில் இடித்துப் புண்ணாகியது. "கழட்டிடுங்கம்மா, இந்த வயசுல எதுக்கு?" என்று கடைக்காரர் சொன்னார். மாமா இறந்தபோது, கழட்டு என்று சொன்ன நாலு பேருக்கு மசியாமல் வைத்துக்கொண்ட மூக்குத்தி அது. சிலிகானில் மெத்தென்று, முனை குட்டையாக ஒரு கேனுலா இருப்பதைத் தேடிப் பிடித்தேன். விலை கொஞ்சம் கூட. மூக்குத்தி மூக்கிலேயே இருக்கிறது.

காதுமடலின் பின்னால் குழாய் அறுக்கும். பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மெல்லிய பட்டையாகச் சுற்றினோம், வாரம் இரண்டு முறை துவைத்து மாற்றுகிறோம். மூக்கு எரிகிறது என்று தேங்காய் எண்ணெயோ வாசலினோ விக்ஸோ தடவக் கூடாது. எண்ணெய்ப் பசையும் ஆக்சிஜனும் சேர்ந்தால் சின்னப் பொறியும் பற்றிக்கொள்ளும். நீரில் கரையும் ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும்.

பராமரிப்பு என்பது பெரிய வித்தையல்ல, ஆனால் விடாமல் செய்ய வேண்டிய வேலை. மூக்கு முனைகளைத் தினமும் மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, வேறு ஈரத்துணியால் சோப்புப் போகத் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் வேண்டாம். நீளக் குழாய்க்குள் தண்ணீர் விட்டுக் கழுவினால் காயவே காயாது. அதை வெளியே துடைத்தால் போதும். கேனுலாவை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சளி காய்ச்சல் வந்து போனால் உடனே, மாற்றுகிறோம். நீட்டிப்புக் குழாயை மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அதற்கு முன்பே மஞ்சளித்து விறைத்துவிட்டால் அப்போதே. மெஷினின் பின்னால் உள்ள பஞ்சு வடிகட்டியை வாரம் ஒரு முறை கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டுகிறேன். காலண்டரில் தேதி குறித்து வைத்திருக்கிறேன்.

இந்த வேலைக்குச் சம்பளம் இல்லை, பெயரும் இல்லை. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் இருப்பவர்களைச் சம்பளமில்லாமல் பராமரிக்கும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 134 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 76 நிமிடம். சமையல், வீட்டு வேலை இதில் சேராது. அதில் பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97. குழாய் துடைப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டிலுமே எழுதலாம். ஒரு கட்டத்தில் காலண்டரை என் கணவரிடம் கொடுத்தேன். பையன் எல்லாவற்றையும் அவரிடம்தானே சொல்லிக்கொடுத்தான்? வடிகட்டியும் பாட்டிலும் இப்போது அவர் பொறுப்பு.

நெருப்பு விஷயத்தில் வீட்டின் பழக்கமே மாறியது. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் எரிவதை மூர்க்கமாக்கும். புடவையிலும் தலைமுடியிலும் அது தங்கும். குழாய் மாட்டியவர் எந்தத் தீயிலிருந்தும் 3 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி எல்லாம் இதில் அடக்கம். மேற்கு மாம்பலத்துக் கொசு சென்னை முழுக்கப் பிரசித்தம், கொசுவத்திச் சுருள் இல்லாத வீடு கிடையாது. அதை விட்டுக் கொசுவலைக்கு மாறினோம். சாமி விளக்கை அத்தை தூரத்திலிருந்து பார்த்துக் கும்பிடுகிறார், ஏற்றுவது பேத்தி.

அடுப்படிதான் கஷ்டமாக இருந்தது. எந்த அறை அத்தையின் நுரையீரலைத் தின்றதோ அந்த அறைக்குள் இனி போகக் கூடாது என்றால் அவருக்குச் சந்தோஷம்தானே என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. அங்கேதான் அவர் முதலாளி, கைவினைஞர், சம்பாதித்தவர். குழாய் அடுப்பை எட்டாதபடி கூடத்துச் சுவரில் ஒரு கொக்கி அடித்து அதில் மாட்டியிருக்கிறோம். கூடத்தில் அந்த எல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காய் நறுக்குவார், அங்கிருந்தே அதட்டுவார். போன தீபாவளிக்கு முறுக்கு மாவைப் பிசைந்தது அவர், சுட்டது அவர் பிள்ளை. ஐம்பது வயதில் முதல் முறையாக எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்ற மகனைப் பார்த்து, "தீயைக் குறைடா, கருகுது" என்று சொன்னபோது அத்தையின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

இன்னொரு விஷயத்தைத் தோழிகள் கவனிக்க வேண்டும். 5 லிட்டர் மெஷின் ஏறக்குறைய 350 வாட் இழுக்கும். நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் ஐந்தரை யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதக் கணக்கில் 330 யூனிட் கூடும், கட்டண விகிதமும் மேலே ஏறும். முதல் பில் வந்தபோது கூடத்தில் பேசிக்கொண்டோம், அத்தை காதில் விழுந்திருக்கிறது. அடுத்த வாரமே மதியம் நான் திடீரென்று வீட்டுக்கு வந்தபோது மெஷின் நின்றிருந்தது. குழாய் மட்டும் மூக்கில் இருந்தது. யாரும் இல்லாத நேரத்தில் அணைத்து வைப்பதும், நாங்கள் வருவதற்குள் போடுவதுமாக இருந்திருக்கிறார். "சும்மாதானே உக்காந்திருக்கேன், எதுக்கு ஓடணும்?" தனக்காகச் செலவாகிற மூச்சைக்கூட மிச்சம் பிடிக்கிற பழக்கம் இது. கடைசியாகச் சாப்பிடுவது, மருந்தைப் பாதியாக்கி விழுங்குவது எல்லாம் இந்தப் பழக்கத்தின் கிளைகள். மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் எண் அதன் மேலேயே இருக்கும். அதை இப்போது அத்தையே வாசித்துக் காலண்டரில் எழுதுகிறார். பில்லைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் விடியும்போதே கரண்ட் போய்விட்டது. தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். இன்வர்ட்டர் மூன்று மணி நேரம் தாங்கியது. பிறகு, முன்பே வாங்கி வைத்திருந்த பி வகை சிலிண்டர். அதில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் பன்னிரண்டரை மணி நேரம், 1 லிட்டர் வைத்தால் 25 மணி நேரம். கணக்குப் போட்டு, உட்காரும்போது ஒன்று, எழுந்தால் இரண்டு என்று வைத்தோம். சிலிண்டரைத் திறக்கும் முன் ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சமையலறையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்து வால்வைத் தொடக் கூடாது. இருட்டில் மெழுகுவத்தியும் கூடாது, டார்ச் மட்டும்தான்.

கொழுந்தன் போனில், சிலிண்டருக்குச் சின்னக் குழாயையே மாட்டி அம்மாவைப் படுக்க வைக்கச் சொன்னார். நீளக் குழாயையே மாட்டினேன். சாயங்காலம் மழை கொஞ்சம் ஓய்ந்தபோது அத்தை குழாயைக் கையில் சுற்றிக்கொண்டு வாசற்படி வரை வந்தார். தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்தார். எதிர் வீட்டு மாடியில் தனியாக இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டு, பால் இருக்கிறதா என்று விசாரித்தார். மறுநாள் மதியம் கரண்ட் வந்தபோது சிலிண்டரின் முள் ஏறக்குறைய அடியில் நின்றது. அதன் பிறகு இரண்டாவது சிலிண்டர் ஒன்றும் வாங்கி வைத்தோம்.

போன மாதம் என் கல்லூரித் தோழி கும்பகோணத்திலிருந்து பேசினாள். அவள் அம்மாவுக்கு ஆக்சிஜன் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன்கள் மெஷின் பார்த்துவிட்டார்கள், கட்டிலுக்குப் பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் போட எலெக்ட்ரீஷியனும் வரப்போகிறார். வேறென்ன வாங்க வேண்டும் என்று கேட்டாள். நட்சத்திரத் துளை, சுழல் இணைப்பு, டம்ளர் தண்ணீர், 3 மீட்டர் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டாள். எலெக்ட்ரீஷியனை ஒருநாள் கழித்து வரச் சொல், முதலில் அம்மாவை எழுப்பி நடக்கச் சொல், நீ டேப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போ என்றேன். எங்கே வரைக்கும் என்று கேட்டாள். அதை அம்மாவிடம் கேள் என்றேன்.